இத்தாலியில் நீ கடைசியாக வந்ததைப் பற்றி

தம்பி,

உன் கல்யாணப் பத்திரிகையில் உன் பெயருக்கு அடியில் இருந்த அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன். அச்சகத்துக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஏண்ணே, நல்லாத்தான இருக்குது? ‘சர்வதேச சைக்கிள் வீரர்’னு போட்டா பத்திரிகைக்கே ஒரு கெத்து வந்துடுதுல்ல?” என்றார். நான் ஒன்றும் சொல்லாமல் நின்றேன். அது எனக்குப் பழக்கமில்லாத வேலை என்று உனக்குத் தெரியும். “எடுத்துடுப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்து, வண்டியைக் கிளப்பாமல் கொஞ்ச நேரம் அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த வரியை எழுதிக் கொடுத்ததும் நான்தான். மாதிரிப் பிரதியை உன் போனுக்கு அனுப்பிவிட்டு, ‘அருமை’ என்று பதில் வரும், கூடவே இரண்டு கைகூப்பு பொம்மையும் வரும் என்று காத்திருந்தேன். நீ போன் செய்தாய். “அப்பா, எம்பேருக்குக் கீழ இருக்கற வரிய எடுத்துடு. இல்லன்னா எம்பேர எடுத்துடு” என்றாய். குரலை உயர்த்தாமல் சொன்னாய். நீ கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கத்திவிட்டு விஷயத்தை அமுக்கியிருப்பேன். கொஞ்சம் பொறுத்து, “பொண்ணு வூட்டுலயும் நீயே போயி சொல்லிடுப்பா. நீ சொன்னத நான் போயி இல்லன்னு சொன்னா உனக்குத்தான் அசிங்கம்” என்று சொல்லி போனை வைத்தாய். உன் கல்யாணம் நிற்குமா நடக்குமா என்கிற இடத்தில்கூட நீ என் மானத்தைத்தான் பார்த்திருக்கிறாய்.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பியிருக்கலாம். ஆனால் பொய்யைச் சங்கராபுரம் மும்முனைச் சந்திப்பில், பஸ்ஸில் போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் அண்ணாந்து பார்க்கிற மாதிரி கட்டியவன் நான். உண்மையை உன் காதோடு சொல்லிவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டால் அது நியாயமில்லை. அதனால் இதை முதலில் நம் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். அப்புறம் அதை யார் எங்கே போட்டாலும் போடட்டும். பத்திரிகை கைக்குப் போவதற்கு முன்னால் இது எல்லார் கண்ணிலும் பட்டுவிட வேண்டும்.

நீ சென்னையில் வேலைக்குச் சேர்ந்து, நாலு காசு பார்த்து, முதலில் வாங்கியது சைக்கிள். நம் பக்கத்தில் வேலை கிடைத்தவன் சைக்கிளை விட்டுவிட்டு பைக் வாங்குவான். நீ தலைகீழாகச் செய்தாய். அதை பஸ்ஸின் மேலே கட்டி ஊருக்குக் கொண்டுவந்த அன்று நான் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கேரியர் இல்லை, ஸ்டாண்டு இல்லை, மட்கார்டு இல்லை, மணிகூட இல்லை. “இன்னாடா இது, பாதி சாமான புடுங்கிகினு குடுத்துட்டானுங்களா?” என்று கேட்டேன். உன் அம்மா சிரித்தாள், நீயும் சிரித்தாய். அந்தச் சைக்கிளைப் பற்றி நீயும் நானும் சேர்ந்து சிரித்தது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

அதன் பிறகு லீவுக்கு வரும்போதெல்லாம் விடிந்ததும் கிளம்பிவிடுவாய். கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைத் தாண்டி, கல்வராயன் மலைப்பாதையில் ஏறி வெள்ளிமலை வரைக்கும் போய்த் திரும்புவாய். ஒரு பொங்கல் லீவில் நான் கச்சிராயபாளையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, மலையிலிருந்து இறங்கிவந்த ஒருவன் எல்லார் முன்னிலையிலும், “உம் புள்ள வளைவுல நவுர முடியாம நவுந்துகினு இருக்கான்யா. அதுக்கு எறங்கித் தள்ளிகினே போயிடலாம்” என்றான். நாலு பேர் சிரித்தார்கள். டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். உன்னைப் பிடித்ததும் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு வந்தேன். “அடிச்சி மிதிடா! எவன் இன்னா சொன்னான் தெரியுமா?” என்று கத்தினேன். இரண்டு வளைவு வரைக்கும் பொறுத்தாய். மூன்றாவதில் காலை ஊன்றி நின்றாய். வியர்வை மூக்கு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. “பின்னால வர்றதுன்னா சும்மா வாப்பா. ஹாரன் அடிக்காத. மூச்சு கலையுது” என்றாய். பெற்ற பிள்ளை நடுரோட்டில் நிறுத்தி எனக்குப் புத்தி சொல்கிறானே என்று கோபம் வந்துவிட்டது. உன்னைத் தாண்டிப் போய் வெள்ளிமலையில் பஜ்ஜி தின்றபடி காத்திருந்தேன். நீ ஏறி வந்ததும், “மினி பஸ்ஸே உனக்கு முந்தி வந்துட்டுது” என்று சொன்னேன். நீ தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, திரும்பி இறங்கிப் போனாய்.

இத்தாலிக்குப் போவதாகச் சொன்னபோது நீ எனக்கு எல்லாவற்றையும் விளக்கினாய். அது சாதாரண ஆட்கள் ஓட்டுகிற போட்டி, ஆபீஸ் போகிறவர்கள், பல் டாக்டர்கள், பேரன் பேத்தி எடுத்தவர்கள் எல்லாம் வருவார்கள், ஒரு நாளைக்கு மலைப்பாதையில் வேறு வண்டியை விடமாட்டார்கள், குறித்த நேரத்துக்குள் முடித்தால் போதும் என்று பொறுமையாகச் சொன்னாய். என் காதில் ‘இத்தாலி’யும் ‘போட்டி’யும் மட்டும்தான் ஏறின. பெட்டிக்கடை, உரக்கடை, கூட்டுறவு சங்கம் என்று போன இடமெல்லாம், “நம்ம பையன் இண்டியாவுக்காக ஓட்டப் போறான்” என்று சொல்லிவைத்தேன். இந்தியாவுக்காக யாரும் உன்னை அனுப்பவில்லை. நீ உன் சம்பளத்தில், உன் லீவில், உன் ஆசைக்காகப் போனாய். அதைச் சொன்னால் எடுபடாது என்று நானாக ஒரு கொடியைச் சேர்த்துக்கொண்டேன். உன் அம்மா கடலை உருண்டை பிடித்துக் கொடுத்தாள். நான் விமானம் ஏற்றிவிட வந்தபோதுகூட, உன்னைவிட அந்தச் சைக்கிள் பெட்டியோடுதான் அதிகமாகப் படம் எடுத்துக்கொண்டேன்.

போட்டி முடிந்த மறுநாள் காலையில் நீ அனுப்பிய படம் வந்தபோது கொல்லையில் மரவள்ளிக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தேன். முகமெல்லாம் சேறு. கழுத்தில் பதக்கம். அப்படி ஒரு சிரிப்பை உன் முகத்தில் நான் பார்த்ததில்லை. மண்வெட்டியைப் போட்ட இடத்திலேயே போட்டுவிட்டு ஓடினேன். கழுத்தில் பதக்கம் இருந்தால் ஜெயித்திருக்கிறான் என்றுதானே அர்த்தம்? நம் ஊரில் தோற்றவன் கழுத்தில் யார் பதக்கம் போடுகிறார்கள்? ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நேராக பிளக்ஸ் கடையில் போய் நின்றேன்.

என் பிளக்ஸ் பைத்தியம் ஊருக்கே தெரிந்தது. உனக்குக் காது குத்தியதற்கு வைத்தேன், நீ இன்ஜினியரிங் முடித்ததற்கு வைத்தேன், போர் போட்டுத் தண்ணீர் வந்ததற்குக்கூட வைத்தவன் நான். ஆனால் அன்றைக்கு வைத்த மாதிரி வைத்ததில்லை. ‘இத்தாலியை வென்ற இளஞ்சிங்கமே வருக!’ என்று எழுதச் சொன்னேன். கடைக்காரப் பையன் பின்னால் ஒரு புலியைப் போட்டான், மேலே விமானத்தைப் போட்டான், பக்கத்தில் ஈபிள் கோபுரத்தைப் போட்டான். அது வேறு தேசம் என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கீழே ‘வாழ்த்தும் உள்ளங்கள்’ என்று பங்காளி, மாமன், மச்சான் எல்லாருடைய தலையையும் வரிசையாக வைத்தோம். என் தலை மட்டும் அவற்றைவிடக் கொஞ்சம் பெரிசு. மத்தியானத்துக்குள் மும்முனைச் சந்திப்பில் சவுக்குக் கழி நட்டுக் கட்டியாகிவிட்டது.

சாயங்காலம் நீ கூப்பிட்டாய். “எத்தினாவதுடா?” என்றேன். அதுதான் நான் கேட்ட முதல் கேள்வி. “கடைசிப்பா” என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். “டேய், வெளாடாத. மெடலு போட்டுகினு நிக்கிறியே?” என்றேன். “அது முடிக்கிற எல்லாருக்கும் குடுக்கறதுப்பா.” சிக்னல் சரியில்லை என்று சொல்லி போனை வைத்தேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

நீ ஊர் வந்து சேர இன்னும் சில நாள் இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அவிழ்த்திருக்கலாம், காற்றில் கிழிந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். உன் அம்மா விஷயத்தைக் கேட்டதுமே, “போயி அத்த அவுத்துகினு வாங்க. புள்ள வந்து பாத்தான்னா குறுகிப் போயிடுவான்” என்றாள். “எல்லாம் எனக்குத் தெரியும்” என்றேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், அவிழ்த்தால் நாலு பேர் ஏன் என்று கேட்பார்கள் என்பது மட்டும்தான். இத்தாலி மலையில் நீ கடைசியாக வந்ததை நான் அவமானமாக நினைத்தேன், தம்பி. இதைச் சுற்றி வளைக்காமல் எழுதிவிடுகிறேன். உன்னை நினைத்து வெட்கப்பட்டேன்.

நீ வந்து இறங்கிய அன்று நடந்ததை நீ மறந்திருக்கமாட்டாய். மேளம், சரவெடி, ஆள் உயர ரோஜா மாலை. பஸ் படியில் நின்றபடியே நீ முதலில் பிளக்ஸைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். உன் கண்ணில் கோபம் இல்லை. ‘இவருக்கு நான் சரியாகச் சொல்லவில்லையோ’ என்று யோசிக்கிற மாதிரி இருந்தது. நான் மாலையோடு வந்து உன்னைக் கட்டிப் பிடித்தேன். பார்த்தவர்கள் எல்லாம் பாசத்தில் பிடிக்கிறான் என்று நினைத்திருப்பார்கள். நான் உன் காதில், “ஒண்ணும் சொல்லாத. சிரி” என்றேன். நீ சிரித்தாய். அந்தப் படத்தில் பார்த்த சிரிப்புக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று அந்த இடத்திலேயே எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் விட்டேனா? கூட்டத்தில் யாரோ, “எத்தினாவது இடம்ணே?” என்று கேட்டார்கள். நீ வாயைத் திறப்பதற்குள் நான், “மூணாவது!” என்று கத்தினேன். முதலாவது என்று சொன்னால் பேப்பரில் தேடுவார்கள் என்று, பொய்யிலும் கணக்குப் பார்த்துச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் நீ மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நேராக அடுப்படிக்குப் போனாய். நான் கூடத்தில் டிவியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். நீ உன் அம்மாவிடம் பேச ஆரம்பித்ததும் டிவி சத்தத்தைக் குறைத்தேன். முழுதாக நிறுத்தினால் கேட்கிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் குறைக்க மட்டும் செய்தேன். உன் வாழ்க்கையில் நீ செய்த பெரிய காரியத்தைப் பெற்ற தகப்பன் அப்படி ஒட்டுத்தான் கேட்டேன்.

கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே எல்லாரும் உன்னைத் தாண்டிப் போய்விட்டார்கள் என்றாய். நரைத்த தலைக்காரர்கள் சிரித்துப் பேசிக்கொண்டே தாண்டிப் போனார்களாம். கல்வராயன்மலையில் ஏறிப் பழகியவன், இதையும் ஏறிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தாய். ஆனால் நம் மலை முடிகிற உயரத்தில்தான் அந்த மலை ஆரம்பிக்கவே செய்கிறதாம். பாதி ஏற்றத்தில் மழை பிடித்துக்கொண்டது. “குளுருன்னா நம்மூர் மார்கழி குளுரு இல்லம்மா. வெரலு இருக்குதா இல்லியான்னே தெரியல. பிரேக்க புடிச்சிருக்கனான்னு குனிஞ்சி பாக்கணும்” என்றாய். அம்மா கொடுத்த கடலை உருண்டை சட்டையின் பின்பையில் கல்லாக இறுகிப்போய், அதை வாயில் ஒதுக்கிவைத்துக்கொண்டே மிதித்தாயாம். உச்சியில் குடையோடு நின்ற ஒரு கிழவி உன்னை நிறுத்தி, கையிலிருந்த செய்தித்தாளைக் கசக்கி உன் சட்டைக்குள் நெஞ்சுப் பக்கம் திணித்தாளாம். “எதுக்குன்னே புரியலம்மா. என்னமோ அவங்க பாசையில திட்டிகினே சொருவுச்சி. எறங்கும்போதுதான் தெரிஞ்சிது, குளுர்காத்து நெஞ்சுல ஏறாம இருக்கறதுக்கு.” அதைச் சொல்லும்போது உன் அம்மா அழுதாள். நான் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் அந்த வண்டியைப் பற்றிச் சொன்னாய். போட்டியில் கடைசி ஆளுக்குப் பின்னால் ஒரு வேன் வருமாம். முடியாதவர்கள் சைக்கிளோடு அதில் ஏறிக்கொள்ளலாமாம். வழியெல்லாம் ஒவ்வொருவராக ஏறிக்கொண்டே வந்தார்கள். கடைசி மலையில் நீயும் அந்த வேனும் மட்டும்தான். “அந்த டிரைவரு ஒருவாட்டிகூட ஹாரன் அடிக்கலம்மா. ஏறிக்கோன்னும் சொல்லல, சீக்கிரம் போன்னும் சொல்லல. பனி மூடிகினப்ப லைட்ட மட்டும் போட்டுகினு, நான் போற வேகத்துக்கே வந்துகினு இருந்தாரு. அந்த வெளிச்சத்துலதான் ரோடே தெரிஞ்சிது” என்றாய். நீ போய்ச் சேர்ந்தபோது முடிவுக்கோட்டில் கட்டியிருந்த காற்றடைத்த வளைவைப் பாதி இறக்கிவிட்டார்கள். நேரம் முடிய இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பதக்கங்களை அட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் ஒன்றை உருவிக்கொண்டு ஓடிவந்து உன் கழுத்தில் போட்டாள். அந்த டிரைவர் இறங்கிவந்து உன் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, உன் போனை வாங்கிப் படம் எடுத்தார்.

நான் பிளக்ஸில் போட்டது அந்தப் படம்தான். புலிக்கும் ஈபிள் கோபுரத்துக்கும் நடுவில் அதை ஒட்டிவைத்தேன். மழையிலும் பனியிலும் ஒரு மலை முழுக்க உனக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு வந்த ஒரு மனிதன் எடுத்த படம். உன் மொழி தெரியாதவன், உன் பேர்கூடத் தெரியாதவன். நான் உன்னைப் பெற்றவன். இரண்டு வளைவு ஹாரன் அடிக்காமல் உன் பின்னால் வர எனக்குத் துப்பில்லை.

அதற்குப் பிறகு நீ மலைக்குப் போகவில்லை. லீவுக்கு வந்தால் சைக்கிள் வராது. டவுனுக்குப் போனால், “இன்னா சாம்பியன், அடுத்து எந்த நாடு?” என்று கேட்பார்கள், நீ தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்துவிடுவாய். பிறகு லீவுக்கு வருவதும் குறைந்தது. வேலை ஜாஸ்தி என்றாய். சைக்கிள் எங்கேடா என்று உன் அம்மா கேட்டதற்கு, சென்னை ரூமில் சுவரில் மாட்டியிருக்கிறேன் என்று சொன்னாயாம். இத்தாலிக் குளிரும் மழையும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாததை நான் சவுக்குக் கழி நட்டுப் பிடுங்கிவிட்டேன். பிளக்ஸை அவிழ்த்துவந்து மக்காச்சோளப் போருக்குப் போர்த்தினேன், அது வேறு விஷயம். ஒரு நாள் பார்த்தால் திருப்பிப் போட்டிருந்தது. உன் அம்மா வேலை. “மழ பேஞ்சா தண்ணி எம்புள்ள மூஞ்சிமேல ஊத்துது. உள்ள திருப்பிட்டேன்” என்றாள். அதைக் கேட்டும் எனக்குப் புத்தி வரவில்லை.

புத்தி வந்திருந்தால் உனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் அந்த வாயைத் திறந்திருக்கமாட்டேன். எலவனாசூர்கோட்டையில், உன் வருங்கால மாமனார் வீட்டில், காபி டம்ளரைக் கையில் வாங்கியதுமே, “பையன் வெளிநாட்டுல மூணாவதா வந்தவன்” என்று ஆரம்பித்துவிட்டேன். நீ பக்கத்தில்தான் இருந்தாய். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். பெண் வீட்டார் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

நேற்றுக் காலையில் அங்கே போனேன். உன் அம்மா கூட வருகிறேன் என்றாள், வேண்டாம் என்றேன். உளுந்தூர்பேட்டை பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது வழியில் எங்கேயாவது இறங்கித் திரும்பிவிடலாமா என்று பல தடவை நினைத்தேன். சம்பந்தி வாசலிலேயே வந்து கையைப் பிடித்து, “வாங்க வாங்க, போன் பண்ணியிருந்தா வண்டி எடுத்துகினு வந்திருப்பேனே” என்றார். உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். தண்ணீர்கூட வாங்கவில்லை, வாங்கினால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று பயம். “பையன் மூணாவதா வரலங்க. கடைசியா வந்தான். மூணாவதுன்னு சொன்னது நான். அவன் வாய நான் அடச்சி வச்சிட்டேன்.” அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. “நானும் எங்க தெரு முழுக்க சொல்லி வச்சிகினு இருக்கேனேங்க” என்றார். பிறகு, “வேற எதுனா இருக்குதுங்களா? இப்பவே சொல்லிடுங்க. வேல, சம்பளம், அதெல்லாம் நெசந்தானுங்களா?” என்று கேட்டார். என் பிள்ளையின் வேலை நிஜமா என்று ஒருவர் என் முகத்துக்கு நேராகக் கேட்டார், தம்பி. கேட்க அவருக்கு எல்லா நியாயமும் இருந்தது. “எல்லாம் நெசம்ங்க. பொய்யி நான் ஒருத்தன்தான்” என்றேன். இத்தனை வருஷம் கட்டிக் காத்த மானம் என்று எதை நினைத்தேனோ அது அந்த நாற்காலியிலேயே போய்விட்டது. போனதும் ஒரு சுமை இறங்கிய மாதிரியும் இருந்தது.

அப்போது அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்து கதவோரம் நின்றாள். “மாமா, ஒண்ணு கேக்கட்டுங்களா?” என்றாள். திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். “கடைசியா வந்தாருன்னா, முடிச்சாருங்களா?” என்றாள்.

இத்தனை வருஷத்தில் நான் உன்னிடம் கேட்காத கேள்வி அது. “முடிச்சான்மா” என்றேன். “நெறைய பேரு முடியாம வேன்ல ஏறிட்டாங்க. இவன் ஏறல.” அவள் முகம் தெளிந்தது. “போன்ல அந்தப் போட்டியப் பத்திக் கேட்டா உடனே பேச்ச மாத்திடுவாருங்க மாமா. என்கிட்ட எத்தயோ மறைக்கிறாருன்னு பயந்துகினே இருந்தேன். அப்பாகிட்ட சொல்லவும் பயம்” என்றாள். என் பொய் உன் ஊரிலிருந்து உன்னை விரட்டியது போதாது என்று, இன்னும் ஆரம்பிக்காத உன் குடும்பத்துக்குள்ளும் போய் உட்கார்ந்திருந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மழை, விறைத்த விரல், கல்லான கடலை உருண்டை, சட்டைக்குள் செய்தித்தாள் திணித்த கிழவி, பனியில் வெளிச்சம் காட்டிய வேன், பாதி இறக்கிய வளைவு. ஒட்டுக் கேட்டதில் ஒன்றைக்கூட நான் மறக்கவில்லை என்பது சொல்லும்போதுதான் எனக்கே தெரிந்தது. சம்பந்தியும் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், “இத்த மொதல்லயே சொல்லியிருந்தா இதயே தெருவுல சொல்லியிருப்பேனேங்க” என்றார். பிறகு உள்ளே பார்த்து, காபி கொண்டுவரச் சொன்னார்.

கல்யாணம் நிற்கவில்லை, பயப்படாதே. பத்திரிகையில் உன் பெயர், உன் படிப்பு, அவ்வளவுதான் இருக்கும். பிளக்ஸ் வைக்கவேமாட்டேன் என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது, என்னை உனக்குத் தெரியும். ஆனால் அதில் புலி இருக்காது. எழுதுவதை உனக்கு முன்கூட்டியே அனுப்புகிறேன், நீ வேண்டாம் என்றால் வேண்டாம். புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் சொல்லிக்கொள்கிறேன். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து, எங்கேயோ எதிலோ ஓடிவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றால், எத்தனையாவது என்று கேட்காதே. எப்படி இருந்தது என்று கேள். அது பேச ஆரம்பித்ததும் டிவியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார். நான் செய்யாதது அது.

கல்யாணத்துக்கு வரும்போது சைக்கிளைச் சுவரிலிருந்து இறக்கிக்கொண்டு வா. அந்தப் பெண்ணும் வெள்ளிமலை வரைக்கும் ஒரு நாள் பார்க்க வேண்டும் என்கிறாள். மறுவீடெல்லாம் முடிந்த பிறகு ஒரு காலையில் நீ மலை ஏறு. எவ்வளவு நேரம் ஆனாலும் ஆகட்டும், மினி பஸ் தாண்டிப் போனால் போகட்டும். மருமகளைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு நான் வண்டியில் உன் பின்னாலேயே வருகிறேன். வளைவில் பனி இருந்தால் லைட் போடுகிறேன்.

ஹாரன் அடிக்க மாட்டேன்.

உன் அப்பா